கூலியைப் பார்க்கிறோம், நிமிடத்தைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை தொடங்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழும்: "கூலியை ஏற்றினால் ஆர்டர் எல்லாம் பங்களாதேஷுக்குப் போய்விடும்." வளரும் நாடுகளுக்கு இருக்கிற ஒரே பலம் மலிவான உழைப்புதான், அதையும் விட்டுவிட்டால் உலகச் சந்தையில் நிற்க முடியாது என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் உண்டு. பனியன் தொழிலின் அடக்க விலைக் கணக்கை அன்றாடம் போடுகிறவர்கள் இந்த வாதத்தை ஏற்க மாட்டார்கள். எங்கே பணம் கரைகிறது என்பதை வாசகர்கள் முன் வைக்கவே இந்தக் கடிதம்.

முதலில் எத்தியோப்பியாவைப் பார்ப்போம். ஹவாசா நகரில் 2016இல் அந்நாட்டு அரசே ஒரு தொழிற்பூங்கா கட்டியது. தொழிற்கூடங்கள் தயார், கழிவுநீர் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையம் தயார், அமெரிக்காவுக்கு வரியில்லாமல் அனுப்பும் சலுகையும் இருந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவுதான். பெரிய பெரிய பிராண்டுகள் தேடி வந்தன. ஆனால் கிராமங்களிலிருந்து வந்த பெண்களின் சம்பளத்தை அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவுமே விழுங்கின. கை பழகுவதற்குள் பலர் ஊர் திரும்பினார்கள். புதியவர்களுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நூலும் துணியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நாட்டுக்குச் சொந்தக் கடற்கரை இல்லாததால் போவதும் வருவதும் ஜிபூட்டி துறைமுகம் வழியாகத்தான். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, 2022 ஜனவரியில் அமெரிக்கச் சலுகையும் போனது. கடைசி அடி போரால்தான் விழுந்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்பே, அவ்வளவு குறைந்த கூலியிலும் ஒரு பீஸின் அடக்க விலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

வியட்நாம் நேர் எதிர். அங்கே பெருநகரங்கள் அடங்கிய முதல் மண்டலத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையில் மாதம் 49.6 லட்சம் டோங் ஆனது, ஏறத்தாழ 195 டாலர். அப்படியிருந்தும் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி இந்தியாவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூலிதான் எல்லாம் என்றால் இது நடந்திருக்கவே முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 பேர் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு லைன், 8 மணி நேர ஷிப்ட். ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 14,400 நிமிடம். சாதாரண வட்டக் கழுத்து டி-சர்ட் தைக்க 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடமும் வீணாகாமல் ஓடினால் நாளுக்கு 1,800 பீஸ் வரவேண்டும். நம் ஊரில் பல லைன்கள் 45 சதவீதத்தில் ஓடுகின்றன. அப்படியானால் 810 பீஸ். ஆளுக்குச் சராசரியாக 600 ரூபாய் என்றால் லைனுக்கு 18,000 ரூபாய், பீஸுக்குத் தையல் கூலி 22 ரூபாய் 20 காசு. அதே லைன் 65 சதவீதத்தில் ஓடினால் 1,170 பீஸ், கூலி 15 ரூபாய் 40 காசு. இப்போது, 45 சதவீத லைனில் கூலியை 20 சதவீதம் வெட்டி 480 ரூபாய் ஆக்கினாலும் பீஸுக்கு 17 ரூபாய் 80 காசு ஆகிறது. முழுக் கூலி கொடுத்து ஒழுங்காக நடத்துகிறவர், கூலியை வெட்டியவரைவிட மலிவாகத் தைத்துக் கொடுக்கிறார்.

அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன? டெய்லர் சோம்பலாக இருப்பதால் போகவில்லை. வெட்டிய துணி லைனுக்கு வரவில்லை என்று காத்திருப்பது, கழுத்துப் பட்டையின் (ரிப்) நிறம், அதாவது ஷேடு, ஒத்துவராமல் திருப்பி அனுப்புவது, சரக்கு வாங்கும் பையர் சொன்ன இடத்திலிருந்துதான் வாங்க வேண்டிய லேபிள் இன்னும் வராதது, ஓவர்லாக் மெஷினில் ஒரு லூப்பர் உடைந்து மெக்கானிக்கைத் தேடுவது, தைத்ததில் குறை கண்டு பிரித்துத் தைப்பது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஸ்டைல் மாறும் நாளில்தான். புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் 25 சதவீதம், இரண்டாம் நாள் 40, பிறகு 50, 55 என்று ஏறுகிறது என்று கொள்வோம். 3,000 பீஸ் ஆர்டர் நான்காம் நாளே முடிந்துவிடும். சராசரி 42 சதவீதத்தைத் தாண்டாது. அதே லைனில் 30,000 பீஸ் ஆர்டர் ஓடினால், முதல் நான்கு நாள் கழித்து 65இல் நிலைத்து, சுமார் 27 நாளில் முடியும். சராசரி 62 சதவீதம் நெருங்கும். ஆளும் மெஷினும் ஒன்றுதான். வித்தியாசம் ஆர்டரின் அளவில் இருக்கிறது.

பங்களாதேஷின் பெரிய ஆலைகளுக்குப் போகும் ஆர்டர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. நமக்கு வருவதில் கணிசமானவை முதல் வகை. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் விலைக்கே 3,000 பீஸ் ஆர்டரையும் ஒத்துக்கொண்டு, நஷ்டத்தைக் கூலியில் சரிக்கட்டப் பார்ப்பதுதான் இங்கே நடக்கிற பெரும் தவறு. சின்ன ஆர்டருக்குத் தனி விலை கேட்க வேண்டும். கேட்கத் தகுதி வர வேண்டுமானால் ஸ்டைல் மாற்றத்தில் போகும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் செலவில்லை. அடுத்த ஸ்டைலின் மெஷின் வரிசை, துணியை மடித்துக் கொடுக்கும் போல்டர், நூல் கோன், ஒவ்வொரு டெய்லரும் பார்க்கும்படி வேலைவாரியாகப் பிரித்த மாதிரி பீஸ் எல்லாம் முதல் நாள் மாலையே தயாராக இருந்தால் மறுநாள் காலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் மிச்சம். வட்டக் கழுத்து ஒரு லைனில், காலர் வைத்த போலோ வேறு லைனில் என்று பிரித்து, கலக்காமல் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள லைனுக்கு ஒரு கணக்காளர் அளவுக்குப் படித்த ஆள் வேண்டும். பல சிறு கம்பெனிகளில் அந்த வேலையை சூப்பர்வைசர் தலையில் கட்டி, அவரை ஆள் கூட்டிவரவும் அனுப்புகிறார்கள்.

தையலைவிடப் பெரிய பணம் துணியில் இருக்கிறது. டி-சர்ட்டின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணிதான். பீஸுக்கு 200 கிராம் சாயத்துணி, கிலோ 450 ரூபாய் என்றால் 90 ரூபாய். இதில் 3 சதவீதம் மிச்சம் பிடித்தால் 2 ரூபாய் 70 காசு. மேலே சொன்ன 45 சதவீத லைனில் கூலியை 10 சதவீதம் உயர்த்தினால் ஆகும் கூடுதல் செலவு 2 ரூபாய் 20 காசு. கூலி உயர்வுக்காக மாதக்கணக்கில் மேஜையைச் சுற்றி உட்காருகிறோம். துணியில் போகிற காசை ஏன் யாரும் தேடுவதில்லை?

அது போகும் வழி சாதாரணமானது. துணியை எடையில் வாங்குகிறோம், சட்டையை எண்ணிக்கையில் விற்கிறோம். பையர் கேட்டது 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம். துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து வந்தது 168 என்றால், ஒவ்வொரு சட்டையிலும் 5 சதவீதத் துணி இலவசமாகப் போகிறது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டும் கட்டர் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. வெட்டிய துண்டின் எடையை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஒவ்வொரு ரோலிலும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் வெட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. பல இடங்களில் லாட்டுக்கு ஒரு ரோல் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்தது அகலம். வெட்டும் வரைபடமான மார்க்கரை 72 அங்குலத்துக்குப் போட்டிருக்க, துணி 73 வந்தால் அந்த ஓர் அங்குலம் நேரே வேஸ்ட் மூட்டைக்குப் போகும். அவசரத்தில் ரோலைப் பிரித்தவுடன் வெட்டுவது இன்னொரு கோளாறு. இழுவிசை தளர்வதற்கு ஒரு நாளாவது துணியை விரித்துப் போட வேண்டும், லைக்ரா கலந்ததென்றால் கட்டாயம். இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கி, அளவு தவறி, ரிஜெக்ட் ஆகும்.

இனி சாயப்பட்டறை. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததற்கு இந்த ஊர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் வைத்துத் தண்ணீரில் பெரும் பகுதியை மீட்கிறார்கள். உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே கொடுக்கிறார்கள். நமக்குப் போட்டியான நாடுகளில் இந்த அளவு கட்டாயம் இல்லை. ஆகவே கிலோவுக்கு நம் சாயச் செலவு கூடுதல்தான். அதைக் குறைக்க வழி, சட்டத்தைத் தளர்த்தக் கேட்பது அல்ல. முதல் முறையிலேயே ஷேடு சரியாக வரவைப்பது.

காட்டன் துணியில் அடர் நிறம் ஏற்ற ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு, சுமார் 20 கிராம் சோடா, 60 டிகிரி சூடு வேண்டும். ஷேடு தப்பினால் ஏறிய சாயத்தை உரித்து மறுபடி ஏற்ற வேண்டும். உப்பு, சோடா, சாயம், நீராவி எல்லாம் இரண்டாம் முறை. சுத்திகரிப்புக் கட்டணமும் இரண்டாம் முறை, ஐந்தாறு நாள் தாமதம் வேறு. ஷேடு தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் சாயத்தில் இல்லை, தண்ணீரில்தான். ஆய்வகத்தில் (லேப்) மாதிரி எடுத்தது வடிகட்டிய நல்ல தண்ணீரில். மெஷினுக்குப் போவதோ மீட்ட உப்புநீர். அதன் செறிவு தொகுதிக்குத் தொகுதி மாறும்போது, சோதிக்காமல் நேற்றைய கணக்கிலேயே உப்புப் போட்டால் ஷேடு ஏறும் அல்லது இறங்கும். லேப் மாதிரியையும் அன்று மெஷினுக்குப் போகும் அதே உப்புநீரில் எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பழைய வின்ச் மெஷினைக் கழற்றிவிட்டு, துணிக்கு 6 முதல் 8 மடங்கு தண்ணீரில் ஓடும் சாப்ட் ப்ளோ மெஷினுக்கு மாறுவதும் அவசியம். தண்ணீர் குறைந்தால் உப்பும் அதே விகிதத்தில் குறைகிறது.

இந்தச் சுத்திகரிப்புச் செலவு ஒருநாள் நமக்கு வரவாகவும் மாறும். பொருளின் சுற்றுச்சூழல் விவரங்களைக் கேட்கும் ஐரோப்பியச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. முதலில் அதற்குள் வரும் பொருள்களில் ஆடையும் ஒன்று. கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மீட்டது என்ற கணக்கைப் பட்டறைவாரியாகக் கையில் வைத்திருக்கக்கூடிய ஊர் உலகத்தில் அதிகமில்லை. அந்தக் கணக்கை லாட் நம்பரோடு சேர்த்து எழுதிவைக்கும் பழக்கம் இன்றே வர வேண்டும்.

பங்களாதேஷிடம் கற்றுக்கொள்ள வேண்டியது கூலி அல்ல, முறை. அந்நாட்டில் பருத்தி விளைச்சல் பெயருக்குத்தான். 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் 130 பேரைத் தென் கொரியாவின் தேவூ ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களில் 115 பேர் சில ஆண்டுகளில் வெளியேறி, சொந்தமாகவோ பிறரோடு சேர்ந்தோ ஆலைகளில் இறங்கினார்கள். தொழில் நாடு முழுக்கப் பரவியது இப்படித்தான். அரசு செய்தது இரண்டு காரியம். ஏற்றுமதிக்கான துணியை வரி கட்டாமல் இறக்கி வைக்கும் கிடங்கு உரிமை ஒன்று. பையர் அனுப்பிய எல்.சி.யை (பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) அடமானமாக வைத்து, துணி வாங்க வங்கியே இன்னொரு எல்.சி. திறக்கும் ஏற்பாடு மற்றொன்று. துணிக்காரருக்குப் பணம் போவது சில மாதம் கழித்து, சட்டை விற்ற பணம் வந்த பிறகு. கைமுதல் குறைவாக உள்ளவரும் தொழிலில் இறங்க இது வழி செய்தது. எவ்வளவு துணி இறக்கலாம் என்று சான்றளிக்கும் வேலையை ஏற்றுமதியாளர் சங்கமே செய்கிறது. ஏழை நாடு என்பதால் ஐரோப்பாவில் வரி கிடையாது, நாம் 9.6 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். 2011இல் ஐரோப்பிய விதி தளர்ந்து, வெளிநாட்டுத் துணியை வெட்டித் தைத்தாலே போதும் என்று ஆனது இன்னொரு பெரிய உதவி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2013 ராணா பிளாசா கட்டட விபத்தையும் இந்த இடத்தில் மறக்கக் கூடாது. நாள் கெடுவுக்காக விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஆட்களை அனுப்பியதன் விலை அது.

நம்மிடமும் வரியில்லா இறக்குமதிக்கு அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் இருக்கிறது. ஆனால் பத்திரம், வீத அட்டவணை, ஏற்றுமதி முடிந்ததற்கான சான்று, அதை முடித்து வாங்கும் அலைச்சல் என்று நீள்வதால் 10 கோடி ரூபாய்க்குக் கீழே விற்பனை உள்ளவர் அந்தப் பக்கமே போவதில்லை. இங்கேயும் சங்கங்கள் சான்றளிக்க, சுங்கத் துறை அதை ஏற்றுக்கொள்ளும் முறை வந்தால் பொத்தான், ஜிப், தனிவகைத் துணி இவற்றுக்காகக் காத்திருக்கும் நாள்கள் குறையும்.

செயற்கை இழை விஷயத்தில் நம் தவறு இன்னும் பழையது. உலகில் பயன்படும் இழையில் பருத்தி நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நாமோ பருத்தியையே கட்டிக்கொண்டிருந்தோம், அதனால் குளிர்கால, விளையாட்டு ஆடைகளுக்கான ஆர்டர் வராமல் வருடத்தில் சில மாதம் மெஷின் சும்மா நிற்கிறது. இதற்குக் கம்பெனிகள் மட்டும் காரணமல்ல. செயற்கை இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 சதவீதம் என்று தலைகீழான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 வரை இருந்தது. இறக்குமதி இழைக்கும் நூலுக்கும் 2023இல் வந்த தரச் சான்று ஆணைகள் 2025 நவம்பரில்தான் விலக்கப்பட்டன. இரண்டு தடையும் நீங்கிவிட்டன. இனி ஆலையில் மாற்றம் வேண்டும். பாலியெஸ்டருக்கு 130 டிகிரியில் சாயம் ஏற்ற வேண்டும், காட்டனுக்கு வாங்கிய சாதாரண மெஷின் அந்த அழுத்தத்தைத் தாங்காது. துணியை விரித்துச் சூடேற்றும் ஸ்டென்டர் மெஷினில் 180, 190 டிகிரியில் துணியைச் செட் செய்ய வேண்டும். தையலில் மெல்லிய, உருண்டை முனை ஊசி போடாவிட்டால் இழை அறுந்து துளை விழும். ஆனால் பாலியெஸ்டர் சாயத்துக்கு உப்பே தேவையில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் மிகப் பெரிய தலைவலி உப்புதான் என்பதால், நம் ஊருக்கு இது காட்டனைவிடப் பொருத்தமான வேலை. இதைப் பட்டறைக்காரர்களே போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது வருத்தம்.

பணம் சுழலும் வேகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கோடி ரூபாய் ஆர்டரில் பணம் 120 நாள் முடங்கினால் 10 சதவீத வட்டியில் 3.3 லட்சம் போகிறது. 75 நாளானால் 2 லட்சம் சொச்சம்தான். இந்தச் சுமையைப் பெரியவர்கள் தாங்குவதில்லை. நிட்டிங், பிரிண்டிங், காஜா பட்டன், பவர் டேபிள் (சிறு தையல் கூடம்) என்று ஜாப் ஒர்க் செய்யும் சிறியவர்கள் தலையில்தான் இறக்கிவைக்கிறார்கள். 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் 2006இலிருந்தே இருக்கிறது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டு, காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவில் காட்ட முடியாதபடி செய்தது. ஆனால் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாத பவர் டேபிள்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பதிவு இலவசம், ஆதார், பான் எண் போதும். சங்கங்கள் தெருத் தெருவாக முகாம் போட்டு முடித்துக் கொடுக்கலாம்.

துறைமுகம் பற்றிச் சுருக்கமாக. தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பெரும்பாலானவை சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ஒரு தொடர்பு தவறினால் ஒரு வாரம் போச்சு. வியட்நாமின் கை மெப்பிலிருந்து பெரிய கப்பல் நேரே அமெரிக்கா போகிறது. தூத்துக்குடி வெளித் துறைமுகப் பணியைத் தள்ளிப்போடாமல் முடிப்பது கூலியில் பத்து ரூபாய் பிடிப்பதைவிட இந்த மாவட்டத்துக்கு உதவும்.

காலம் குறைவாக இருக்கிறது. பங்களாதேஷ் ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. அது தள்ளிப்போனாலும் போகாவிட்டாலும், ஐரோப்பா மேலும் மூன்று ஆண்டு சலுகை தரும். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நம் ஆடைக்கான வரியை நீக்க வகை செய்கிறது. வரியில் சமநிலை வரும் அந்த நாளில் பையர் பார்ப்பது மூன்று விஷயம்: சொன்ன தேதிக்குச் சரக்கு வருகிறதா, ஷேடு ஒன்றாக இருக்கிறதா, செயற்கை இழையும் கிடைக்குமா. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைனில் உட்காரும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் கிளம்பிவிட்டால் இந்த மூன்றில் முதலாவதைக் காப்பாற்ற முடியாது. எனவே மாவட்ட நிர்வாகமும் சங்கங்களும் அடுத்த கூலிப் பேச்சில் உட்காரும்போது, தொழிலாளர் விடுதிக்கு இடம், பெண்களுக்கு இரவுப் பேருந்து, லைன்வாரியாக அன்றாடத் திறன் சதவீதத்தை எழுதி வைக்கும் பலகை ஆகிய மூன்றையும் பேச்சுப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்னலாடைத் தொழிலில் உள்ள வாசகர்,
திருப்பூர்.